ஐஸ் வண்டியில் நீ வராத நாள்

சூட்டி,

கோயிலில் சுவாமியார் உன் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் வேறு. ஸ்ரேசனிலும் மீன் வெட்டி அடுக்குகிற வாடியிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். உனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை, பின்னால் ஒன்றும் பிறக்கவில்லை, அதனால் எனக்கு நீ சூட்டி, கடைக்குட்டி. மீசை வைத்த பிறகும் நான் அப்படியே கூப்பிட, "அம்மா, ஆக்களுக்கு முன்னால சூட்டி எண்டாதேங்கோ, பெட்டி தூக்கிறவங்கள் சிரிக்கிறாங்கள்" என்று முகத்தைச் சுளித்தாய். இப்போது வாடியில் எல்லோரும் உன்னைச் சூட்டி என்றுதான் சொல்கிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி மீன் கழுவ அனுப்பிவிட்டார்கள். ஜெபப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல இந்தப் பேசாலையில் ஆள் இல்லை. ஐஸ் வண்டியின் சட்டம் முழுக்கத் தெரிந்தவன் நீதான். நீயோ கொழும்பில், நான் கண்டிராத ஒரு சேமக்காலையில், யார் யாருக்கோ நடுவில் அடக்கப்பட்டுக் கிடக்கிறாய். இந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைக்கப்போவதில்லை. வாடியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும், தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். உன்னை அறியாத ஊரார் கையில் கிடைத்தாலும் விளங்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று கோபிக்காதே.

உன் அப்பா இருந்த காலத்தில் நம் மீன் மன்னாரைத் தாண்டினால் கருவாடாகத்தான் தாண்டும். பச்சை மீனைக் கொழும்பு ஆட்கள் தின்னக் கொடுத்து வைக்கவில்லை. நீ தவழ்கிற வயதில் வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அப்பா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சேமக்காலையில் அவருக்கென்று ஒரு குழி கிடையாது. ஆத்துமாக்கள் திருநாளில் ஊரெல்லாம் தங்கள் தங்கள் ஆட்களின் குழியில் மெழுகுதிரி கொளுத்த, நான் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் கொளுத்துவேன். கடலோடு போனவர்களுக்கு அதுதான் இடம். சின்ன வயதில் நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று, "எங்கட அப்பாவுக்கு ஏன் மண் இல்லை?" என்று கேட்டிருக்கிறாய். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு குழி எவ்வளவு தேவைப்பட்டது என்று வாசிக்கிறவர்கள் அறிய வேண்டும்.

பிறகு ரயில் வந்தது, அதற்கும் கனகாலம் பிறகு ஐஸ் வண்டி வந்தது. வெளியில் பார்த்தால் சாமான் ஏற்றுகிற மற்ற வண்டிகள் போலத்தான். உள்ளே இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவில் மரத்தூள் அடைத்து, தகடு அடித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ஐஸ் கட்டிகளைச் சுமந்து காலையில் வரும். பின்னேரம் நம் மீனையும் அதே ஐஸையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மெயில் ரயிலோடு கொழும்புக்குப் போகும். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. முதல் நாள் கதவைத் திறந்தபோது வெள்ளைப் புகை வெளியே வர, பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போனதும், நீ ஒரு துண்டு ஐஸை எடுத்து என் கையில் வைத்ததும், நான் சுட்டுவிட்டது என்று உதறியதும் இன்றும் நினைவில் இருக்கிறது. வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற சம்மாட்டியார் உன்னைத்தான் அந்த வண்டிக்குப் பொறுப்பாக வைத்தார். மீன் அடுக்குவதைப் பார்த்து, கதவைச் சாத்தி, ஸ்ரேசன் மாஸ்டரோடு நின்று ஈய முத்திரை வைக்கும் வரை உன் வேலை.

சட்டங்களை நீ சோறு தின்றுகொண்டே சொல்வாய். நான் கறி வைத்தால் கறியைப் பற்றிப் பேச மாட்டாய். இன்றைய மீனோடு நேற்றைய மீன் சேரக்கூடாது. குடலும் செவுள் பூவும் எடுத்து, இரத்தம் போகக் கடல் தண்ணீரில் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைக்க வேண்டும். பெட்டியில் ஒரு நிரை ஐஸ், ஒரு நிரை மீன், கடைசி நிரை ஐஸாகத்தான் இருக்க வேண்டும். சுறாவையும் திருக்கையையும் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும், அவற்றின் நெடி மற்ற மீனில் ஏறும். பெட்டி தரையில் ஒட்டக்கூடாது. உருகும் தண்ணீர் போகிற ஓட்டையை ஒவ்வொரு முறையும் குத்திப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசக்கூடாது. முத்திரை வைத்தால் கொழும்பு போய்ச் சேரும் வரை ஒருவரும் திறக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மீனும் ஐஸும் தவிர வேறு ஒன்றும் அதற்குள் போகக்கூடாது. அந்த ஒன்றை மட்டும் பலகையில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் அடித்திருந்தாய். நான் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் பலகை அது.

அந்தப் பலகை வந்ததற்குக் காரணம் உன் திரேசா மாமி. அப்பாவின் தங்கை, எனக்கு மச்சாள், வாடியில் எனக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறவள். அவளுடைய மகள் கொழும்பில் கர்ப்பமாக இருந்தாள். பனம்பழம் தின்ன ஆசையாய் இருக்கிறது என்று சொல்லியனுப்பினாள். அது பழம் விழுகிற காலம். திரேசா நன்றாகப் பழுத்த பழமாகப் பொறுக்கி, ஓலைப்பையில் போட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் ஒருவரும் காணாமல் செருகிவிட்டாள். மடு பக்கத்து வயல்காரர் வீட்டிலோ, இந்த மன்னார்த் தீவில் உள்ள எந்த வீட்டிலோ பனம்பழம் மணத்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். கொழும்பில் கதவைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். மூடிய வண்டிக்குள் ஓர் இரவு முழுக்க இருந்து அந்த மணம் பாரை மீனிலும் ஏறியது, அறுக்குளா மீனிலும் ஏறியது. மீன் ஊசிப்போனது என்று முழு வண்டியையும் கழித்துக் குப்பைக்குக் கொட்டினார்கள். அது பழத்தின் மணம் என்று நம் ஆட்கள் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

நீ வந்து திரேசாவின் முன்னால் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "மாமி, மீன் வண்டியில பழம் ஏத்தலாமோ?"

"பழம் என்னடா செய்தது? மீனைக் கடிச்சதோ?"

"மாமி, முழு வண்டியும் குப்பையில போச்சுது."

"அவையளுக்கு மூக்கில வருத்தம். பனம்பழத்தைப் போய் ஊத்தை எண்டுறாங்கள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டவள், அதுக்கு ஒரு வாயும் கிடைக்கேல்லை, அதைக் கேட்க ஆள் இல்லை."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். பேசாலை மீன் என்றால் வேண்டாம் என்று கொழும்பு வியாபாரிகள் கையை விரித்துவிட்டார்கள். ஐஸ் வண்டி வெறுமனே வந்து வெறுமனே நின்றது. பழையபடி எல்லாம் கருவாடாகப் போயிற்று. அந்த மாரி மழைக் காலத்தில் சில வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. திரேசா வீட்டிலும் மூட்டவில்லை. நீதான் கொழும்புக்குப் போய்க் கடை கடையாக நின்று கெஞ்சி வியாபாரத்தைத் திருப்பிக் கொண்டு வந்தாய். வந்து சாப்பிட இருந்தபோது சொன்னாய்: "அம்மா, வண்டிக்குள்ள வேற ஏதும் போனது எண்டு தெரிஞ்சால் பேந்து ஆக்கள் மீனைப் பாத்து வாங்கமாட்டினம். கதையைப் பாத்துத்தான் வாங்குவினம்." அதற்குப் பிறகுதான் பலகை வந்தது.

அதன் பிறகு நீ யாருக்கும் இரங்கவில்லை. பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து வர வேண்டிய பூமாலையைக் குளிரில் வாடாமல் கொண்டு வரலாம் என்று சுவாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார். மாட்டேன் என்றாய். சம்மாட்டியார் தன் சம்பந்தி வீட்டுக்கு ஆட்டிறைச்சி அனுப்பக் கேட்டார். அதற்கும் மாட்டேன் என்றாய். கொழும்பு மீன் சந்தையில் நின்ற மரியதாஸ், உன்னோடு படித்த பிள்ளை, தாய் இல்லாதவன், அவனுக்கென்று நான் ஒரு முட்டியில் நண்டுக் கறி காய்ச்சிக் கொண்டு வந்தேன். வாயை வாழை இலையால் கட்டியிருந்தேன், மணம் வெளியே வராது. நீ முட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே குந்தியிருந்து தின்னத் தொடங்கினாய். "இது கொழும்புக்குப் போகாது அம்மா. ஆனா வீணாப் போகவும் விடமாட்டன்." பெட்டி தூக்குகிறவர்களுக்கும் கொடுத்தாய். மரியதாஸுக்கு நண்டு ஓடுகூடக் கிடைக்கவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. தாய்க்கும் ஒரே சட்டம் என்று நிற்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

நான் உனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான். ஐஸுக்குள்ளிருந்து வெயிலுக்கும், வெயிலிலிருந்து ஐஸுக்குள்ளும் மேலில் ஒன்றும் இல்லாமல் ஓடாதே. கம்பளியைப் போடு. வந்து கொத்தமல்லித் தண்ணீர் குடி. நீ ஓம் ஓம் என்பாய். கம்பளி ஆணியில் தொங்கும். கல்யாணம் முடித்தால் அவள் சொல்லை என்றாலும் கேட்பாய் என்று நறுவிலிக்குளத்துப் பக்கத்தில் நம் வேதக்காரர் வீடு ஒன்றில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் சேர்த்து வைத்திருந்தேன். உனக்குச் சொல்லவும் இருந்தது. வெளியில் சட்டம் பார், வீட்டுக்குள் அதைக் கொண்டு வராதே. அவள் கறியில் உப்புக் கூடினால் பேசாமல் தின். அவள் தாய் வீட்டுக்குப் போகக் கேட்டால் முகத்தைப் பார்த்து ஓம் சொல். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இப்போது இந்தக் காகிதத்தில் எழுதுகிறேன். யாருடைய பிள்ளையாவது எடுத்துக்கொள்ளட்டும்.

கொழும்புக்குப் போகிற மீன் நடுவழியில் சூடாகிறது என்று கதை வந்தது. எங்கோ ஒரு ரயில் சந்தியில் வண்டியைக் கழற்றிக் கனநேரம் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் காரணம் என்று நினைத்தாய். கண்ணால் பார்க்க வேண்டும் என்று மெயிலில் ஏறினாய். கல்யாணத்துக்கு உங்களுக்குக் கோடிச் சேலை வாங்கி வாறன் என்று என்னைக் கேலி செய்துவிட்டுத்தான் ஏறினாய். கம்பளியை நான் ஸ்ரேசன் வரை கொண்டு வந்து ஜன்னலால் தந்தேன், அதை வாங்கிக்கொண்டாய். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு சந்தியிலும் இறங்கி மழையில் நின்று வண்டியைப் பார்த்தாய் என்று பிறகு ஊருக்கு வந்த மரியதாஸ் சொன்னான். கொழும்பில் நெஞ்சுச்சளி கட்டியது. காய்ச்சல் ஏறிச் சன்னி கண்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மீன் சந்தையில் ஐஸ் உடைத்துத் துணியில் கட்டிக்கொண்டு போய் உன் நெற்றியில் வைத்ததாகவும், நீ சன்னியில், "ஓட்டை அடைச்சிருக்கு, குத்திப் பாருங்கோ" என்று சொன்னதாகவும் மரியதாஸ் சொன்னான். என்னைக் கேட்டாயா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

விடியற்புறம் நீ முடிந்துபோனாய். மரியதாஸின் தந்தி ஸ்ரேசனுக்கு வந்தபோது நான் கருவாட்டுப் பந்தலில் மீன் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐஸ் வண்டி அன்று கொழும்பில், அதனால் வாடியில் வெட்டு இல்லை. ஸ்ரேசன் மாஸ்டர் தானே நடந்து வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கதிரையை விட்டு எழும்பாதவர். அவர் மணலில் நடந்து வருவதைக் கண்டதுமே கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழும்பினேன். நீ இறந்துபோன செய்தியோடு ஒரு கேள்வியும் தந்தியில் இருந்தது. பின்னேரம் ஐஸ் வண்டி புறப்படுகிறது, உன்னை ஐஸுக்கு நடுவில் வைத்து அனுப்பவா, அங்கேயே அடக்கவா, உடனே பதில் தேவை. ஐஸ் வண்டிக்குச் சம்மாட்டியார் சொல் போதும், மற்ற வண்டியில் உடம்பை ஏற்றக் கந்தோர் கந்தோராக ஏறி உத்தரவு வாங்க வேண்டும், அதுவரை உடம்பு தாங்காது. நான் வந்து சேரும் மட்டும் வைத்திருக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வைக்க மாட்டார்கள், தன் அறையில் வைக்கவும் வீட்டுக்காரன் விடுகிறான் இல்லை என்று மரியதாஸின் பதில் வந்தது. ஐஸ் வண்டியை விட்டால் நீ வர வேறு வழி இல்லை.

ஸ்ரேசனில் ஊரே நின்றது. சம்மாட்டியார் முன்னால் வந்தார். "தங்கச்சி, யோசியாதேங்கோ. பெடியனைக் கொண்டு வருவம். வாற ஐஸை முழுக்கக் கடலில கொட்டுவம். வண்டியைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுவம். ஒரு தரம் மீன் போகாட்டில் என்ன, கருவாடாப் போடுவம்."

"நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டம்" என்று பின்னால் ஒரு குரல். ஓம் ஓம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். பனம்பழ மாரியில் என் வீட்டு வாசலில் அரிசிக்கு வந்து நின்ற முகங்களும் அதில் இருந்தன. என்னிடமும் அரிசி இல்லாத நாட்கள் அவை.

நான் மாஸ்டரைக் கேட்டேன். "ஐயா, கொழும்பில ஐஸ் ஏத்திற ஆக்கள் பாப்பினமோ?"

"பாப்பினம் அம்மா. மறைக்க ஏலாது. ஆனா இரக்கமுள்ள ஆக்கள் இருப்பினம்."

எனக்கு நீ சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து சொன்னது காதில் கேட்டது. கதையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று சொன்னது. பழத்துக்கே அவ்வளவு பாடு. பிணம் வந்த வண்டி என்று கொழும்பில் ஒரு வாய் சொன்னால், பிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டும் தீராது. நீ மழையில் இறங்கி இறங்கிக் காத்த வண்டி அது.

"அங்கையே அடக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

திரேசா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மச்சாள், உங்களுக்கென்ன விசரோ? அண்ணைக்கும் மண் இல்லை. இவனுக்கும் வேண்டாமோ? அவன் போட்ட சட்டத்தை இப்ப அவனுக்கே காட்டப்போறியளோ?"

"அவன் போட்டபடியால்தான், திரேசா."

மாஸ்டர் மேசைக்குப் போய் இருந்தார். தந்திக் கருவியில் கையை வைத்தார். "இன்னொருக்கால் யோசியுங்கோ அம்மா" என்றார். அனுப்புங்கோ ஐயா என்றேன். கருவி தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. திரேசா என்னைத் தேற்ற வரவில்லை. அன்று முதல் அவள் என்னோடு பேசவில்லை. வெட்டுப் பலகையை இழுத்து வாடியின் மற்றப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐஸ் வண்டி வந்தபோது நான் போனேன். போகாதேங்கோ என்று சொன்னார்கள். நீ அதில் இல்லை என்று எனக்குத் தெரியும், பதில் அனுப்பியவள் நான்தானே. ஆனாலும் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்கும்போது, மரியதாஸ் என் சொல்லைக் கேளாமல் உன்னை வைத்திருப்பான் என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புகை வந்தது. புகை அடங்கினதும் ஐஸும் அதன் மேல் தூவிய மரத்தூளும்தான் தெரிந்தன. நடுவில் ஒரு நடைபாதை விடுவார்களே, ஆள் நின்று இறக்குவதற்கு, அந்த இடத்தைப் பார்த்தேன். உன் நீளத்துக்கு அது போதும். நான் ஒரு கட்டியில் கையை வைத்தேன். விறைத்துப்போகும் வரை வைத்திருந்தேன். யாரோ கையை எடுத்துவிட்டார்கள். மதியம் மீன் வந்தது. நான் இருந்து வெட்டினேன். குடலெடுத்தேன், கழுவினேன், வயிற்றுக்குள் ஐஸ் வைத்தேன், ஒரு நிரை ஐஸ், ஒரு நிரை மீன். கடைசி நிரை ஐஸ். ஓட்டையை நானே குத்திப் பார்த்தேன். உன் சாரமும் சட்டையும் கம்பளியும் பிறகு ஒரு நாள் மெயிலில், ரயில் கார்டின் கையில் வந்தன. உடுப்பைக்கூட மரியதாஸ் ஐஸ் வண்டியில் போடவில்லை.

எனக்கு இருந்த ஆறுதல் ஒன்றுதான். சட்டம் சட்டமாக இருக்கிறது, அதனால் ஊர் தின்கிறது, அதற்காகத்தான் நீ வரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு இந்த முறை பெரிய சிலுவையின் அடியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினேன். கடலில் போகாத ஒருவனுக்கு அங்கே கொளுத்தியவள் நான் ஒருத்திதான். அப்போதும் என் மனம் ஆடவில்லை, சூட்டி. உன் சொல்லைக் காத்தேன் என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திருநாள் கழிந்து கொஞ்ச நாளில், பின்னேரம், மீன் எல்லாம் அடுக்கிக் கதவு சாத்துகிற நேரம், ஒரு மோட்டார் கார் வந்து ஸ்ரேசனை ஒட்டிய நம் வாடிக்கு முன்னால் நின்றது. கட்டுக்கரைக் குளத்தில் துரைமார் காட்டு வாத்து, நம் பேச்சில் தாரா, சுட்டார்களாம். கொழும்பில் அவர்களில் பெரிய துரையின் வீட்டு விருந்துக்கு அவை பழுதாகாமல் போக வேண்டுமாம். மன்னார் ஸ்ரேசனில் கேட்க, முத்திரை பேசாலையில்தான் வைப்பது, அங்கே போ என்று அனுப்பிவிட்டார்கள். துரையின் பங்களாவில் வேலை செய்கிறவன் சாக்குகளை இறக்கினான். காலில் கட்டிய தாராக்கள், இறகோடு, குடலோடு, இரத்தம் ஒழுகிக்கொண்டு. உன் இடத்தில் இப்போது நிற்கிற செபஸ்தி பிள்ளைகுட்டிக்காரன், பயந்தவன். அவன் மாஸ்டரைப் பார்த்தான், மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். நான் எழும்பிப் போய்க் கதவை மறித்து நின்றேன்.

"இதுக்குள்ள மீனைத் தவிர ஒண்டும் போகாது. பலகையில எழுதிக்கிடக்கு."

பங்களாக்காரன் சிரித்தான். "நல்லது. துரையிட்டைப் போய்ச் சொல்லுறன், பேசாலையில ஒரு மனிசி தாராவுக்கு ரிக்கற் குடுக்கேல்லை எண்டு."

கூட நின்றவர்களில் சிலருக்கும் சிரிப்பு வந்தது. மாஸ்டர் கிட்ட வந்தார். அன்று தந்திக் கருவியில் கையை வைத்துக்கொண்டு இன்னொருக்கால் யோசியுங்கோ என்று கேட்ட அதே மனிதர். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "அம்மா, விலகுங்கோ. மேலிடத்துக் கடுதாசி கொண்டந்திருக்கிறான். நான் மறிச்சால் என்ர வேலை போயிடும். எனக்கும் பிள்ளையள் கிடக்கு."

நான் விலகவில்லை. என் கை கதவுச் சட்டத்தில் இருந்தது. அப்போது திரேசா தன் பலகையிலிருந்து எழும்பி வந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்றாள். சாக்கைப் பார்த்தாள். "என்ர பனம்பழத்துக்கு என்ன பேச்சு வாங்கினனான். இதுக்கு ஒருத்தருக்கும் வாய் இல்லை" என்றாள். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்தாள். "வாங்கோ மச்சாள். இவையளோட எங்களுக்கு ஏலாது, வாங்கோ." அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நாங்கள் இரண்டு பேரும் மணலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, தாராச் சாக்குகள் உள்ளே போயின. நடுவில் விடுகிற நடைபாதையில்தான் வைத்தார்கள். கதவு சாத்தி முத்திரை வைத்தார்கள்.

இனிச் சொல்லப்போவதைச் சுவாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வண்டி போய்ச் செய்தி வரும் மட்டும் நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது, அந்த மீன் பழுதாகப் போக வேண்டும் என்றுதான். என் ஊர் மீன். என் கையால் வெட்டிய மீன். திரேசாவின் சோறு, செபஸ்தியின் பிள்ளைகளின் சோறு. முழு வண்டியையும் கழித்துக் கொட்டினார்கள் என்று செய்தி வர வேண்டும், தாரா ஏற்றின வண்டி என்று கொழும்பு முழுக்கக் கதை பரவ வேண்டும், அப்போதுதான் நான் அனுப்பிய பதில் சரியாகும் என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாயால்தான் அருள் நிறைந்த மரியே என்றும் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மரியதாஸ் ரயில் கார்டிடம் சொல்லியனுப்பியிருந்தான்: மீன் எல்லாம் முதல் தரம் என்று எடுத்தார்கள், ஒரு பெட்டியும் கழிக்கவில்லை, தாராவை இறக்கும்போது சந்தையில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாடியில் எல்லோருக்கும் சந்தோஷம். சம்மாட்டியார் கற்கண்டு கொடுத்தார். நான் என் பங்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து, உன் கம்பளி தொங்குகிற ஆணிக்குக் கீழே இருந்து இதை எழுதுகிறேன். நீ அந்த வண்டியை மூலை மூலையாக அறிந்தவன். அதற்குள் எது போனால் என்ன ஆகும் என்று உனக்குத்தான் தெரியும். நான் படிக்காதவள், எனக்கு இது பிடிபடவில்லை. இறகோடும் இரத்தத்தோடும் தாரா போன இடம், உன் நீளத்துக்குப் போதுமான அதே இடம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் நீயும் வந்திருக்கலாமா, சூட்டி?